ஆய்வாளர் கேட்கும் கேள்வி

ஆண்டாய்வு என்று சொன்னதும் நம் பள்ளியில் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது சுண்ணாம்பு வாசனையே. ஒரு வாரம் முன்னதாகவே வேப்பமரங்களின் அடிப்பகுதி வெள்ளையும் காவியும் பூசிக்கொள்ளும். நூலகத்து அலமாரிகள் திறக்கப்பட்டு, ஆண்டு முழுவதும் இருட்டில் கிடந்த புத்தகங்கள் வெயில் காணும். நோட்டுப் புத்தகங்களுக்கெல்லாம் ஒரே பழுப்பு அட்டை, ஒரே அளவில் பெயர்ச்சீட்டு. பாடக்குறிப்பேடுகளில் விடுபட்ட நாட்கள் அவசர அவசரமாக நிரம்பும் என்று சொல்வார்கள். நாங்கள் அதைக் கண்ணால் கண்டதில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் தியாகராய நகரிலும் வேறு பள்ளிகளில் படிக்கும் தோழியரைக் கேட்டால் அங்கும் கதை இதுதான். சில இடங்களில் காவிக்குப் பதில் நீலம் பூசுவார்கள், அவ்வளவே வேறுபாடு.

இவ்வாண்டு இலக்கிய மன்றச் சொற்போரில், "மாணவியின் கல்வி உயர்வுக்குப் பெரிதும் துணைநிற்பவர் ஆசிரியரா, கல்வி அலுவலரா?" என்பது பொருளாக வைக்கப்பட்டது. வெற்றி ஆசிரியர் அணிக்கே. அதில் வியப்பில்லை, நடுவர்களாக அமர்ந்திருந்தவர்களும் ஆசிரியைகளே. "கல்வி அதிகாரி எங்கோ ஓர் அலுவலகத்தில் இருக்கிறார். அந்த நாற்காலியில் யார் அமர்ந்தால் நமக்கென்ன? எட்டாம் வகுப்பு 'ஈ' பிரிவில் பின்னக் கணக்குப் புரியாமல் விழிக்கும் பெண்ணுக்கு அவரால் ஆவதென்ன?" என்று எதிரணித் தலைவி கேட்டபோது கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. தோற்ற அணியில் இருந்த நாங்கள் அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறோம். தோற்றவர்களுக்கு ஆண்டு மலர்தானே மேல்முறையீட்டு மன்றம்!

எங்கள் வாதம் சிறியது. அலுவலர் வகுப்பில் பாடம் நடத்துவதில்லை, மெய்தான். ஆனால் அவர் வந்து எதைக் கேட்கிறாரோ, அதற்காகவே பள்ளி ஆயத்தமாகிறது. பதிவேட்டைக் கேட்டால் பதிவேடு தயாராகும். தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்டால் விழுக்காடு தயாராகும். கடைசி வரிசைப் பெண்ணுக்கு வாசிக்கத் தெரியுமா என்று கேட்டால், அன்றுதான் அவள்மீது ஒருவர் கண் விழும்.

இது நாங்கள் புத்தகத்தில் படித்ததன்று. 2019-ஆம் ஆண்டு நாங்கள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது நடந்தது.

அவ்வாண்டு எங்கள் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு தோழியின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கரும்பலகையில் உள்ளதைப் பிழையின்றி எழுதிவிடுவாள். நோட்டுகளை அடுக்கி ஆசிரியையின் மேசைமேல் வைக்கும்போது அவளுடையதைத்தான் மேலே வைப்போம். அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்பதை அவள் பக்கத்தில் அமர்ந்தவர்களே கண்டுகொள்ள இரண்டு மாதங்களாயின. அவள் எழுதியதெல்லாம் பார்த்து வரைந்ததே. வாசிக்கச் சொன்னால் தொண்டை கட்டியிருக்கும், அல்லது தலைவலி. நாங்கள் அவளுக்கு உற்ற தோழியரானதால் பின்னாலிருந்து மெல்ல எடுத்துக் கொடுப்போம். அவள் அதைக் கேட்டுத் திருப்பிச் சொல்வாள். ஐம்பத்தெட்டுப் பேர் உள்ள வகுப்பில் இது எவருக்கும் தெரியவில்லை என்றால் ஆசிரியையைக் குறை சொல்வதற்கில்லை. அத்துணைத் திறமையாக மறைத்தோம்.

ஆண்டாய்வு வந்தது. அதற்கென்று எங்களிடம் ஒரு வித்தை இருந்தது. கேள்வி கேட்டால் எல்லோரும் கை தூக்க வேண்டும். விடை தெரிந்தவர் வலக்கை, தெரியாதவர் இடக்கை. இதை எந்த ஆசிரியையும் எங்களுக்குக் கற்றுத் தரவில்லை. மேல்வகுப்பு அக்காமார் வழிவழியாக விட்டுச்சென்ற சொத்து அது. அன்று வந்தவர் நடுவயது அம்மையார். கைத்தறிச் சேலை, கையில் ஒரு சிறு குறிப்பேடு. முதல் கேள்வி கேட்டதும் வகுப்பு முழுவதும் கைகளாயிற்று. அவர் சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "இந்த வகுப்பில் இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் அதிகம் போலிருக்கிறதே!" என்றார். எங்களுக்கு மூச்சே நின்றுவிட்டது. ஆசிரியைக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அவர் நேராகப் பின்னால் வந்து கடைசிப் பலகையில் அமர்ந்தார். எங்கள் தோழியின் நோட்டை எடுத்து, கையெழுத்தைப் பாராட்டினார். "ஒரு வரி வாசி, கண்ணு" என்றார். அவள் விரல் வரியின்மேல் போயிற்று, குரல் வரவில்லை. எவரேனும் எடுத்துக் கொடுத்திருக்கலாம், எங்களுக்குத் துணிவில்லை. அம்மையார் வற்புறுத்தவில்லை. தாளைத் தம் பக்கம் இழுத்து, இது என்ன எழுத்து, இது என்ன எழுத்து என்று காதோடு காதாகக் கேட்டார். பல எழுத்துக்களை அவள் சொன்னாள். சேர்த்துச் சொல்லத்தான் வரவில்லை. அவர் அவள் தோளில் தட்டிவிட்டு எழுந்து போனார்.

பள்ளிக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும் என்று அன்று மாலை பேசிக்கொண்டோம். வரவில்லை. அவர் தலைமை ஆசிரியை சகோதரியிடம் சொன்னது ஒன்றே என்று பின்னர் அறிந்தோம்: "ஆறாம் வகுப்பில் இப்படி வாசிக்க வராதவர்கள் எத்தனை பேர் என்று அடுத்த மாதம் எனக்குச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். டிசம்பரில் வந்து மறுபடியும் கேட்பேன்." சகோதரி ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே அழைத்து ஒரு பத்தி வாசிக்கச் சொன்னார். நான்கு பிரிவுகளிலும் சேர்த்துப் பதினொரு பேர். நான்கு பிரிவுகளிலும் பதினொரு தொண்டை கட்டல்கள்!

அதன் பிறகு மாலையில் அரைமணி நேரம் நூலகத்தில் பாய் விரிக்கப்பட்டது. சகோதரியும் இரு ஆசிரியைகளும், ஒரு பிள்ளைக்கு ஒருத்தியாக நாங்களும் அமர்ந்தோம். பாடப் புத்தகம் வேண்டாம் என்று சகோதரி சொல்லிவிட்டதால் பழைய சிறுவர் இதழ்களும், பஸ் பலகைகளில் உள்ள ஊர்ப் பெயர்களும், மளிகைக் கடைச் சீட்டுகளுமே எங்கள் பாடமாயின. டிசம்பரில் அம்மையார் சொன்னபடியே வந்தார், சுண்ணாம்புக்கு அவகாசம் தராமல். பிப்ரவரியில் பதினொன்று நான்காகியிருந்தது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. எங்கள் வகுப்புகள் மீண்டும் திறந்தபோது 2021 நவம்பர். நாங்கள் எட்டாம் வகுப்பில் இருந்தோம். அம்மையார் வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போயிருந்தார். அவருக்குப் பின் வந்தவர் அந்த வாசிப்பு வகுப்புக்குப் பதிவேடு உண்டா என்று கேட்டார். உண்டு என்றதும் கையொப்பமிட்டார். வகுப்பு நடக்கிறதா என்று கேட்கவில்லை.

எங்கள் மனத்தை இன்றும் உறுத்துவது ஒன்றுண்டு. தோழியைக் காப்பாற்றுவதாக எண்ணி நாங்கள் செய்ததெல்லாம் அவளை மறைத்ததுதான். கேள்வி கேட்பவர் ஒருவர் வராதிருந்தால் அந்த மறைப்பு பத்தாம் வகுப்பு வரை நீண்டிருக்கும்.

கேள்வி கேட்பதென்றால் எல்லாக் கேள்வியும் நன்மை செய்யும் என்று பொருளில்லை. நம் மாகாணத்தில் கல்வித் துறை என ஒன்று ஏற்பட்டது 1855-இல். முதல் இயக்குநர் அலெக்சாண்டர் அர்பத்நாட். அவர் கீழே ஆய்வாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில், பள்ளிக்குத் தரும் உதவித் தொகையைத் தேர்வு முடிவுடன் கட்டிவைத்தார்கள். ஆய்வாளர் ஆண்டுக்கு ஒருமுறை வருவார். ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு என்று சோதிப்பார். தேறிய தலைகளை எண்ணிப் பணம். இங்கிலாந்திலும் 1862 முதல் இதே முறை. விளைவு என்ன? பிள்ளைகள் வாசக நூலை முதலிலிருந்து கடைசி வரை மனப்பாடம் செய்துவிட்டார்கள். புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கடகடவென ஒப்பிப்பார்கள். வேறொரு புத்தகத்தைத் தந்தால் திகைப்பார்கள். மாத்யூ அர்னால்டைக் கவிஞர் என்றே நம்மில் பலர் அறிவோம். அவர் முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளி ஆய்வாளராக ஊர் ஊராகச் சுற்றியவர். இந்த முறையைத் தம் அறிக்கைகளிலேயே எதிர்த்து எழுதினார். அரசாங்கத்துக்கு உண்மை தெரிய வேறு வழியே இல்லை. தேர்ச்சி எண்ணிக்கை என்னவோ நன்றாகத்தான் இருந்தது!

நூறாண்டு கழிந்த பின்னும் உலகம் இதைக் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. அமெரிக்காவில் ஒவ்வோர் ஊர்ப் பகுதிக்கும் தனிப் பள்ளி மாவட்டம் உண்டு. அதற்கு ஒரு கண்காணிப்பாளர் உண்டு. அட்லாண்டா நகரில் மதிப்பெண் உயர வேண்டும், உயராவிட்டால் தலைமையாசிரியருக்கு வேலையில்லை என்ற நெருக்குதல் ஏறிக்கொண்டே போயிற்று. மதிப்பெண்ணும் ஏறிற்று. 2009-இல் நடந்த தேர்வைப் பற்றி அம்மாநில அரசு விசாரித்து 2011-இல் வெளியிட்ட அறிக்கையில், 44 பள்ளிகளில் முறைகேடு நடந்ததும், 178 ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் அதில் பங்கு கொண்டிருந்ததும் வெளிப்பட்டன. பிள்ளைகளின் விடைத்தாளை ஆசிரியர்களே அழித்துத் திருத்தியிருக்கிறார்கள். கற்காத பிள்ளை கற்றதாகக் கணக்கில் ஏறிவிட்டதால், அவளுக்குத் தனியே கற்பிக்க வேண்டிய தேவையும் கணக்கிலிருந்து போய்விட்டது. எங்கள் இடக்கை வித்தைக்கும் இதற்கும் அளவில்தான் வேற்றுமை.

நம் நாட்டுக்கு வருவோம். தேர்ச்சி விழுக்காடு என்ற சொல் தலைமையாசிரியர் கூட்டங்களில் எப்படி ஒலிக்கும் என்பதை நாங்கள் நேரில் கேட்டதில்லை. கூட்டம் முடிந்து திரும்பும் முகங்களைப் பார்த்திருக்கிறோம். நூற்றுக்கு நூறு என்ற விளம்பரப் பலகைக்காக, ஒன்பதாம் வகுப்பிலேயே பெற்றோரை அழைத்து மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளச் சொல்லும் பள்ளிகள் உண்டு. அவ்வாறு அனுப்பப்பட்ட ஒருத்தி எங்கள் தெருவிலேயே இருக்கிறாள். எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள். தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டுக் காணாமற்போன ஒன்றைத் தேடிப் போன ஆயனின் கதையை மறைக்கல்வி வகுப்பில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த ஒன்றை ஒன்பதாம் வகுப்பில் வெளியே அனுப்பிவிட்டால் மந்தை முழுவதும் பத்திரமாக இருப்பதாகக் கணக்குக் காட்டிவிடலாம்.

இந்த ஓட்டத்தைச் சற்றேனும் தணித்தவர்களும் அலுவலர்களே. 2017-ஆம் ஆண்டு மே மாதம் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளிவந்தபோது, மாநில முதலிடம், இரண்டாமிடம் என்ற பட்டியல் இல்லை. அதற்கு முன்பு வரை முடிவு வரும் நாளில் நாளிதழ்களின் முதல் பக்கம் இனிப்பு ஊட்டும் படங்களால் நிரம்பும். ஒரே ஆணையில் அது நின்றது. எந்த ஆசிரியரும், எத்துணை நல்லவராயினும், தம் வகுப்பறையில் இருந்துகொண்டு அதைச் செய்திருக்க முடியாது. அதே ஆண்டுதான் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்தார்கள். பதினொன்றின் பாடத்தைத் தொடாமலே இரண்டு ஆண்டும் பன்னிரண்டின் பாடத்தை உருப்போட வைத்த பள்ளிகளைத் திருத்துவதற்காக அது வந்தது. நோய்க்கு மருந்து சரியா என்பதில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. தேர்வு ஒன்றால் விளைந்த கேட்டை இன்னொரு தேர்வால் போக்குவது பாம்புக் கடிக்குத் தேளைக் கொட்டவிடுவது போல என்பாள் எங்களில் ஒருத்தி. 2025-இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அத்தேர்வை நீக்கிவிட்டது.

கெட்ட கேள்விகளையே அடுக்கிக்கொண்டிருந்தால் எதிரணியினர் மகிழ்வார்கள். நல்ல கேள்வி கேட்டவர்களும் இந்நகரில் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் பெயரைச் சொல்லித்தான் நாம் தினமும் பஸ்ஸில் டிக்கெட் வாங்குகிறோம். தியாகராய நகர் என்னும் பெயர் சர் பிட்டி தியாகராயரால் வந்தது. அவர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது, 1920-இல், மாநகராட்சிப் பள்ளிக்குப் பிள்ளைகள் ஏன் வருவதில்லை என்ற கேள்வி எழுந்தது. பசி என்பது விடை. ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்க மன்றம் தீர்மானித்தது; ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவு. பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிந்தது. 1922-க்கும் 1925-க்கும் இடையே அந்த ஐந்து பள்ளிகளில் பிள்ளைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ இரு மடங்காயிற்று. அப்புறம் ஆங்கிலேய அரசாங்கம் இந்தச் செலவைக் கல்வி நிதியில் எழுதக்கூடாது என்று தடுத்தது. 1925-இல் திட்டம் நின்றது. ஒரு மேசையிலிருந்து பிறந்தது, இன்னொரு மேசையில் மடிந்தது. மேசையில் யார் அமர்ந்தால் என்ன என்று கேட்ட தோழிக்கு ஆயிரம் விளக்கே விடை சொல்லும்.

அதே தியாகராய நகரில் திருமலைப் பிள்ளை சாலையில், இன்று நினைவில்லமாக இருக்கும் வீட்டில், காமராசர் வாழ்ந்தார். மதிய உணவு என்றதும் அவர் பெயரை எவரும் சொல்வர். அவருக்கு வாய்த்த பொதுக் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவின் பெயர் நம் வகுப்பில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டுப் பார்த்தோம். வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது. 1954-இல் அப்பொறுப்பை ஏற்ற அவர், அதற்குப் பல ஆண்டுகள் முன்பு ஊர் ஊராகச் சென்று பள்ளிகளைப் பார்வையிட்ட துணை ஆய்வாளர். பள்ளியின் வருகைப் பதிவேட்டில் இருக்கும் பெயர் வகுப்பில் ஏன் இல்லை என்பதை அவர் மேசையிலிருந்து கற்கவில்லை. 1956-இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. முதல் மாநாடு அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில். இந்த மாநாடுகளின் அமைப்பு எளிது. ஆய்வாளர் தம் பகுதிப் பள்ளிகளில் என்ன குறை என்று பட்டியலிட வேண்டும். ஊரார் கூடி நாற்காலி, மேசை, குடிநீர்ப் பானை, சீருடைத் துணி, கட்டடம் எனத் தம்மால் இயன்றதைத் தருவர். "உம் பள்ளியில் என்ன குற்றம்?" என்று கேட்டுக்கொண்டிருந்த ஆய்வாளர், "உம் பள்ளிக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கத் தொடங்கினார். நாற்காலி மாறவில்லை, ஆளும் மாறவில்லை, கேள்வி மாறிற்று.

இன்னொன்று அண்மைக் காலத்தது. மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் அடையாற்றுக்கு வந்து, இங்கிருந்தே ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார் என்பதை அடையாற்றுத் தோழியர் பெருமையாகச் சொல்வார்கள். சொல்லட்டும். பிள்ளை தன் கையால் பொருளைத் தொட்டு, தன் வேகத்தில் கற்க வேண்டும் என்னும் கருத்து அப்போதே நம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. ஆனால் கட்டணம் செலுத்தக்கூடிய வீட்டுப் பிள்ளைகளுக்கே அது பெரும்பாலும் கிட்டியது. அந்தக் கருத்து மாநகராட்சிப் பள்ளிகளுக்குள் பரவலாக நுழைய 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அவ்வாண்டு மாநகராட்சி ஆணையராக இருந்தவர் எம். பி. விஜயகுமார். ஆந்திரத்தில் மதனபள்ளிக்கு அருகில் உள்ள ரிஷி வேலியில் கிராமத்துப் பிள்ளைகளுக்காக உருவாக்கியிருந்த முறையைப் பார்த்துவர மாநகராட்சி ஆசிரியர்களை அனுப்பினார். ஆணையைத் தாளில் அனுப்பாமல் ஆசிரியர்களை அனுப்பியதுதான் இதில் எங்களுக்குப் பிடித்த செய்தி. திரும்பி வந்த ஆசிரியர்கள் உழைத்து அட்டைகள் தயாரித்தார்கள். முதலில் 13 பள்ளிகள். வகுப்பில் பலகைகள் நீங்கிப் பாய்கள் வந்தன. சுவரில் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை; தலைக்கு மேல் கம்பி கட்டி அவர்கள் வரைந்த படங்கள். பாடம் ஏணிப்படிபோல் சிறு சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு படிக்கும் ஒரு சின்னம் போட்ட அட்டை. ஒரு படியை முடித்த பிள்ளை தானே அடுத்த அட்டையை எடுத்துக்கொள்ளும். நான்கு நாள் காய்ச்சலில் வராத பிள்ளை, திரும்பி வந்ததும் விட்ட படியிலிருந்தே தொடரும்; வகுப்பு அவளை விட்டுவிட்டு ஓடியிராது. இதுவே செயல்வழிக் கற்றல். அவர் பின்னர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநரானார். 2007 வாக்கில் தமிழகம் முழுவதும் ஏறத்தாழ 37,000 தொடக்கப் பள்ளிகளுக்கு இம்முறை சென்றது.

அதன் பின் நடந்ததையும் மறைக்கலாகாது. 13 பள்ளிகளில் விருப்பமாகத் தொடங்கியது, 37,000 பள்ளிகளில் கட்டளையாகப் போய்ச் சேர்ந்தது. ரிஷி வேலியைக் கண்டு வந்த ஆசிரியர் வேறு. சுற்றறிக்கையைக் கண்ட ஆசிரியர் வேறு. எங்களுள் சிலர் தொடக்கப் பள்ளியில் அந்த அட்டைகளோடு படித்தவர்கள். ஒருத்தி அதை இன்றும் மகிழ்ச்சியோடு பேசுவாள். இன்னொருத்தியின் வகுப்பில் அட்டைப் பெட்டி இருந்ததாம். அட்டைகள் பாதிக்கு மேல் கிழிந்துபோயின, புதியவை வரவில்லை, பார்வையிட எவரேனும் வரும் நாளில் மட்டும் பாய் விரிப்பார்களாம். முறையைத் தொடங்கியவர் போய்விட்டார், அவருக்குப் பின் வந்தவர்கள் "அட்டை இருக்கிறதா?" என்று கேட்டார்களேயன்றி, "எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறாள்?" என்று கேட்கவில்லை. இன்று ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' நடைபெறுகிறது. 2022-இல் முதல் மூன்று வகுப்புகளுக்காகத் தொடங்கியது அது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பிரித்துக் கற்பிக்கிறார்கள். பெயர்கள் அழகாகத்தான் இருக்கின்றன. அரும்பு மலராயிற்றா என்று நேரில் பார்ப்பவர் யார் என்பதே எங்கள் கேள்வி.

நியூயார்க் நகரில் இரண்டாம் பள்ளி மாவட்டம் என்று ஒன்றுண்டு. 1987 முதல் 1998 வரை அந்தோனி ஆல்வரடோ அதன் கண்காணிப்பாளர். அவர் செய்ததில் எங்களைக் கவர்ந்தது மிகச் சிறிய ஒன்று: தலைமையாசிரியர் கூட்டத்தில் பேசும் பொருளை மாற்றினார். கட்டடம், கணக்கு, படிவம் ஆகியவை ஒதுக்கப்பட்டன. கூட்டம் முழுவதும் கற்பித்தலைப் பற்றியே நடந்தது. அவரும் அவருடைய துணை அலுவலரும் வகுப்பு வகுப்பாகச் சென்று, பிள்ளை அருகில் அமர்ந்து பார்த்தார்கள். ஓர் ஆசிரியை இன்னோர் ஆசிரியையின் வகுப்பைப் போய்ப் பார்த்துவரப் பணம் ஒதுக்கினார்கள். அந்த மாவட்டம் வாசிப்பில் நகரின் முன்வரிசைக்கு உயர்ந்தது. அதே காலத்தில் அப்பகுதியில் வசதி படைத்தோர் குடியேறியதும் ஒரு காரணம் என்று மறுப்போர் உளர். அம்மறுப்பில் நியாயமும் உண்டு. ஆயினும் பதினோர் ஆண்டுகள் ஒருவர் ஒரே இடத்தில் இருந்தார் என்பதை எவரும் மறுக்க இயலாது. எங்கள் ஆறாம் வகுப்பு அம்மையார் இரண்டு ஆண்டுகூட இருந்திருப்பாரோ என்னவோ!

இங்கே அலுவலரின் பாட்டையும் நினைக்க வேண்டும். மிதிவண்டி எத்தனை வந்தது, காலணி எத்தனை பொருந்தவில்லை, எமிஸ் தளத்தில் எந்தப் பள்ளி இன்னும் பதிவேற்றவில்லை, எந்த வழக்கில் எந்த நாளில் நீதிமன்றம் போக வேண்டும் என்றே அவர் நாள் கழிகிறது. இதுவரை பள்ளி ஆயத்தமாவதைப் பற்றியே எழுதினோம். அலுவலருக்கும் மேலே ஒருவர் கேட்கிறார். அவர் கேட்பதற்கே இவரும் ஆயத்தமாகிறார். நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் உள்ள வளாகத்துக்கு 2022-இல் பேராசிரியர் அன்பழகன் பெயர் சூட்டினார்கள். நம் பெற்றோர் வாயில் அது இன்னும் டி.பி.ஐ.தான். அங்கிருந்து கீழ்நோக்கி வரும் கேள்விதான் படிப்படியாக இறங்கி, கடைசியில் நம் வகுப்பின் கடைசிப் பலகையை வந்தடைகிறது, அல்லது வழியிலேயே தங்கிவிடுகிறது.

ஆகவே எங்கள் விருப்பங்களைச் சுருக்கமாகவே சொல்கிறோம். ஆண்டாய்வுக்கு முன்கூட்டியே நாள் குறிக்க வேண்டாம். சுண்ணாம்புச் செலவு மிச்சமாகும். வருபவர் முதல் வரிசையைத் தாண்டிப் பின்னால் வரட்டும். ஒரு பகுதிக்கு வந்த அலுவலரை, அங்குள்ள பள்ளிகளின் பெயரைக் கற்றுக்கொள்ளும் முன்பே மாற்றாதிருக்கட்டும். நம் பள்ளியிலும் ஒன்று செய்யலாம். அக்காமார் விட்டுச்சென்ற அந்த இடக்கை வித்தையை நாங்கள் கீழ்வகுப்புத் தங்கையருக்குச் சொல்லித் தரவில்லை. ஆனால் அவர்களுக்கு அது எப்படியோ தெரிந்திருக்கிறது. சென்ற ஆண்டாய்வில் எட்டிப் பார்த்தபோது இடக்கைகள் சில தெரிந்தன. சகோதரியிடம் சொல்லியிருக்கிறோம். ஜூன் மாதம் நூலகத்தில் மறுபடியும் பாய் விரிப்பதாகச் சொல்லியிருக்கிறார். இம்முறை எண்ணிக்கையை எவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் கதவில் எழுதி ஒட்டிவிடுவதாகவும் சொன்னார்.

எங்கள் தோழி இப்போது வணிகவியல் பிரிவில் எங்களோடு இருக்கிறாள். அவளைப் பற்றி எழுதலாமா என்று கேட்டோம். எழுதுங்கள், பெயர் மட்டும் வேண்டாம் என்றாள். கையெழுத்துப் படியை அச்சுக்குத் தருமுன் அவளிடம் கொடுத்தோம். மதிய இடைவேளையில் வேப்பமரத்தடியில் அமர்ந்து ஒரே மூச்சில் வாசித்து முடித்தாள். இரண்டு இடங்களில் சந்திப்பிழை இருந்தது, திருத்தித் தந்தாள். பிறகு, "அன்றைக்கு எனக்குத் தலைவலி இல்லை, தொண்டைதான் கட்டியிருந்தது, தலைவலி என்று சொன்னது நீங்கள்" என்றாள்.